தார், இரண்டு பீப்பாய்

அரபியில் மை என்ற சொல்லின்
தலையில் ஒரு புள்ளி வைத்தால் செய்தி.
வாலிலும் ஒன்று வைத்தால் ரொட்டி.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
ஒரு தலைப்பில் இரண்டு புள்ளிகளைத் தவறவிட்டேன்.
பெய்ரூத்தில் மை தீர்ந்தது என்று
மறுநாள் காலை பேக்கரி வரிசை முழுக்கப் படித்துச் சிரித்தது.
பசியோடு சிரித்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஹாதிஃப் எங்கள் அச்சகத்துக்கு வந்தார்.
பஸ்ராவிலிருந்து குவைத் வழியாக,
பிறகு எதன் வழியாக என்று சொல்லமாட்டார்.
கோட்டு வேறு யாருடையதோ.
முதல் கவிதைத் தொகுப்பு முந்நூறு பிரதி,
இருநூற்றுத் தொண்ணூறை அரசாங்கமே எடுத்துக்கொண்டதாம்,
கொளுத்த.
"அவ்வளவு அக்கறையான வாசகர்கள்
எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை" என்பார்.

இனிக் கவிதை கிடையாது என்றார்.
கவிதை ஒல்லி,
எந்தச் சோதனைச் சாவடியிலும் எலும்பு தெரிந்துவிடும்.
நாவலென்றால் தடிமன்.
எழுநூறு பக்கத்தைப் படித்து முடிக்க
எந்த அதிகாரிக்குச் சம்பளம் கட்டும்?

எழுதியது ஒரு மருந்துக் கம்பெனியின்
பழைய ரசீதுகளின் பின்புறம்.
கதாநாயகி துறைமுகத்தில் இறங்கும் தாளைப் புரட்டினால்
இருமல் மருந்து, பன்னிரண்டு டஜன்.

ஜோர்ஜெத் வாசிப்பாள்.
நான் மூலத்தில் விரலை ஓட்டிக்கொண்டு போவேன்.
மண்ணெண்ணெய் விளக்கு.
எங்கோ ஷெல் விழும்.
'எங்கோ' என்றால் நாங்கள் வேலையை நிறுத்துவதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
சுங்க எழுத்தர் ஒரு படகின் சரக்கைக் குறிக்கிறார்:
பேரீச்சை நாற்பது கூடை.
கயிறு, நனைந்தது.
தார், இரண்டு பீப்பாய்.
ஒரு விதவையின் தையல் இயந்திரம்,
ஊசி இல்லை.

ஜோர்ஜெத்தின் குரல் எங்கேயோ ஏறி இறங்கியது.
என் செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருந்தது,
எப்போது ஆரம்பித்ததென்று தெரியவில்லை.
நிறுத்து என்றேன். முதலிலிருந்து வாசி.

அசை பிரித்தோம்.
குறில், நெடில், நெடில். விரல்கள் போதவில்லை.
பதினான்கு அடி, ஒரு சீர் பிசகவில்லை.
வரி உடைக்காமல்
உரைநடைச் சட்டை மாட்டிக்கொண்டு
சரக்கோடு சரக்காகக் குந்தியிருந்தது அது.

காலையில் அவர் வந்தார்.
நான் எதையும் கேட்கவில்லை.
இதை மட்டும் கேட்டேன்:
"தார் இரண்டு பீப்பாய்தானா? மூன்றாக இருக்குமோ?"

கோப்பையைக் கீழே வைத்தார்.
என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.
"இரண்டுதான்" என்றார்.
"மூன்றானால் தட்டும்."

புத்தகம் நான்கு நாட்டு எல்லைகளைக் கடந்தது.
பட்டியல்கள் சலிப்பூட்டுகின்றன,
வெட்டியிருக்கலாம் என்றார் ஒரு விமர்சகர்.
அந்தத் துண்டைக் கத்தரித்து
பர்ஸில் பணம் வைக்கும் பக்கத்தில் வைத்திருந்தார்.
அங்கே இடம் நிறைய இருந்தது.

அப்புறம் கப்பல், சைப்ரஸ், பனி விழும் ஏதோ ஊர்.
பத்து வருஷத்தில் மூன்று கடிதம்.
மூன்றிலும் ரொட்டியைப் பற்றிய புகார்.

போன மாதம் இரங்கல் குறிப்பு என் மேசைக்கு வந்தது.
புகழ்பெற்ற நாவலாசிரியர்,
இளமையில் கவிதைகளும் எழுதினார்.

பிழை திருத்துகிறவளுக்கு ஒரு சொல்லும் சேர்க்க உரிமையில்லை.
'இளமையில்' என்பதை அடித்தேன்.
ஏன் என்று ஆசிரியர் கேட்டார்.
பத்தியில் இடமில்லை என்றேன்.