முந்தைய பயன்பாடு

படிவத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டம்:
முந்தைய பயன்பாடு.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி நிற்கிறேன்.
வால்பரைசோ துறைமுகத்திலிருந்து மூன்றாவது தெரு,
நான்கு மாடி, இரண்டு பால்கனி,
மூன்றாவது இருந்த இடத்தில் புறாக்கள்.

முதலில் வெடியுப்பு.
பாலைவனத்தைச் சுரண்டி ஹாம்பர்க்குக்கு அனுப்பிய
ஓல்ட்மன் கம்பெனி.
பெட்டகம் கப்பலில் வந்தது, எட்டு எருதுகள் இழுத்தன.
அதை நிறுத்திய பிறகே சுவர்கள் எழுந்தன,
உடம்புக்கு அளவெடுத்த சட்டைபோல.
அதனால்தான் அது வாசலைவிட அகலம்.
வந்தவர்கள் எல்லாரும் போனார்கள்.
அது போக வழியில்லை.

1906, ஆகஸ்ட் இரவு.
நிலம் உதறியதில் மேல்மாடி தெருவுக்கு வந்துவிட்டது.
பெட்டகம் நகர்ந்தது அரையங்குலம்.
உள்ளே மட்டும் ஏதோ ஒரு பல் முறிந்தது.
அன்றிலிருந்து அது பூட்டுவதில்லை.
சக்கரத்தைச் சுழற்றலாம்,
எண்களை முணுமுணுக்கலாம்,
சும்மா இழுத்தாலும் வரும்.

காசாளர் மூச்சு விடவில்லை.
ஒன்பது ஆண்டுகள்
அந்த முகத்தை நம்பியே பணம் தூங்கியது.

பிறகு ஹாம்பர்க்காரர்கள்
காற்றிலிருந்தே உப்பெடுக்கக் கற்றார்கள். கம்பெனி கலைந்தது.
பெத்லகேமிலிருந்து வந்த சக்காரியா ஹந்தால்
துணிக்கடை போட்டார். பெட்டகத்தில் பொத்தான்கள்.
சாவிக்கொத்தோடு ரகசியமும் கைமாறியது.
அதற்குத் தனி வாடகை இல்லை.

நடுவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடம், ஒரு பல் மருத்துவர்,
பதினோரு மாதமே ஓடிய ஒரு பத்திரிகை
(கடைசி இதழின் கட்டுகள் இன்னும் படிக்கட்டுக்கடியில்;
எலிகள்தான் முழுதாய் வாசித்தன).

எழுபத்து மூன்றில் தையல் தொழிலாளர் சங்கம்.
செப்டம்பரில் பூட்ஸ் கால்கள் ஏறி வந்தன.
எண் என்ன என்றார்கள்.
செயலாளர் சுனில்தா ஒயார்சோ சொன்னாள்:
"செத்த ஜெர்மன்காரனைக் கேளுங்கள்."
கப்பல் பட்டறையிலிருந்து வெல்டரைப் பிடித்துவந்து
பக்கவாட்டில் அறுத்தார்கள், ஆறு மணி நேரம்.
கைப்பிடியை ஒருவனும் தொட்டுப் பார்க்கவில்லை.
அதற்குள் உறுப்பினர் பட்டியல்
ரொட்டிக் கூடையில், துணிக்கடியில்,
பின்படி வழியே இறங்கிப்
பாதி மலை ஏறியிருந்தது.

உள்ளே மூன்று கத்திரி, ஒரு தேயிலை டப்பா,
ஒரு இஸ்திரிப்பெட்டி.
இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுபோனார்கள்.
சுனில்தாவையும்.
பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினாள்;
மற்றதைப் பேசமாட்டாள்,
கதவைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பாள் என்றார்
எதிர்க்கடை மீன்காரர்.

அப்புறம் கார் பேட்டரி கடை. அப்புறம் ஜெபக்கூடம்.
அப்புறம் மழை.
இப்போது ஹோட்டல்காரர்கள் வாங்குகிறார்கள்.
மதுக்கூடத்தின் நடுவே
"அசல் பெட்டகம்" அப்படியே இருக்கவேண்டுமாம்.

காவலாளி எலியோதோரோ முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்கிறார்:
"எண் தொலைந்துபோச்சு, அம்மா."
வெல்டர் அறுத்த ஓட்டையிலிருந்து
சோம்பல் முறித்தபடி ஒரு பூனை வருகிறது.
சிகரெட் பற்றவைக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்,
ஒரு தீக்குச்சிக்குத் தேவையானதைவிடச் சற்று அதிக நேரம்.

இழுத்தேன்.
ஒரு போர்வை, சூடு ஆறாத பிளாஸ்க்,
பாதி வெண்ணெய்ப்பழம், அதில் குத்திய கரண்டி.

மூடினேன். அவர் திரும்பவில்லை.

கட்டத்தில் எழுதினேன்: வணிகம்.
அடுத்த கட்டம், பெட்டகத்தின் நிலை.
எழுதினேன்: பூட்டியுள்ளது.