நூலுக்குக் கீழே

பையனின் உலக உருண்டையில்
ஜித்தாவில் ஒரு குண்டூசி, சிங்கப்பூரில் ஒன்று.
இடையில் தையல் நூலை இழுத்துக் கட்டினேன்.
தொய்வில்லாமல் இழுத்தால்
குறுக்கு வழியை நூலே கண்டுபிடித்துக்கொள்ளும்,
எட்டாம் வகுப்புக்கு நான் நடத்துவதுதான்.
அரபிக்கடலைத் தாண்டிக் கேரளத்தை அறுத்து
அது ஏறிப் படுத்த இடத்தில்
எப்போதோ பேனாவால் நான் வைத்த புள்ளி.
உருண்டை செய்தவர்கள் சேலத்தை அச்சடிக்கவில்லை.

ஏழாயிரத்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர்.
ஒன்பது மணி நேரம்.
கம்பெனி இத்ரீஸை அங்கிருந்து அங்கேயே மாற்றிவிட்டது.
நடுவில் நாலு நாள் ஊருக்கு, என்று கேட்டாராம்.
உன் ஊர் ரூட்டில் இல்லையே என்றார்களாம்.
ரூட்டில்தான் இருக்கிறோம்.
அதுதான் வயிற்றெரிச்சல்.

நம் நேரம் பத்தரைக்குக் கிளம்பினால்
மூன்று நாற்பதுக்குத் தலைக்கு மேல்.
செங்குத்தாகப் பதினொரு கிலோமீட்டர்,
கோட்டையிலிருந்து ஓமலூர்கூட அதைவிடத் தொலைவு.
ஏற்காட்டுக்குப் போனால் அதிலும் ஒன்றரை குறையும்.
"ஒன்றரை கிலோமீட்டருக்கா ஸ்வெட்டர் தூக்கிட்டுக் கிளம்பறே?"
நாத்தனார் பர்வீன் சிரித்தாள்.
கணக்கு டீச்சருக்கு மிச்சம் மிச்சம்தான்.
பையனை அவளிடம் விட்டுவிட்டுக்
கடைசி பஸ் ஏறினேன்.

ஜெசிந்தா டீச்சர் வீட்டு மொட்டை மாடி.
சின்டெக்ஸ் தொட்டி, ஈரத் துணிக் கொடி,
கை நீட்டினால் கை தெரியாத பனி.
மூன்று முப்பத்தெட்டு.
மலைத்தொடரின் அகலத்தைக் கடக்க
அவருக்கு இரண்டு நிமிடம்.
முப்பத்தொன்பது.
நாற்பது.
நாற்பத்திரண்டில் ஒரு முனகல்,
யாரோ பக்கத்து அறையில்
மேசையை இழுப்பது போல.
அந்தச் சத்தம் இறங்கி வர அரை நிமிடம்.
அதற்குள் எட்டு கிலோமீட்டர் போயிருப்பார்.
நான் கேட்டது அவர் விட்டுப்போன இடத்தை.
ஆனாலும் அண்ணாந்தே நின்றேன்,
கழுத்து வலிக்கும் வரை.
அது வேறு விமானமாகவும் இருக்கலாம்.

காலையில் ஜெசிந்தா காப்பி தந்தாள்,
எதுவும் கேட்கவில்லை.
இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
வளைவுக்கு வளைவு வயிறு புரண்டது.
முப்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம்:
அவர் வேகத்தில் இது இரண்டு நிமிடம்
என்று போட்டுப் பார்த்து, நிறுத்திக்கொண்டேன்.

ஏழாவது வளைவில் சிக்னல் வந்தது.
"இறங்கிட்டேன். நடு சீட்டு.
ரெண்டு பக்கமும் குண்டு ஆளுங்க.
சாப்பாடு வந்ததுகூடத் தெரியாம தூங்கிட்டேன்.
நீ எங்க இருக்கே?"

பதில் அடிக்கத் தொடங்கினேன்.
ஒரு லாரிக்கு வழிவிட்டு
பஸ் பின்னுக்கு வந்தது,
சிக்னல் போனது.
"வீட்ல" என்று அடித்தது
வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
போகவும் இல்லை,
அழிக்கவும் விடவில்லை.