தாய்த் துறைமுகம்

இங்கே இரவு ஏழரை. அங்கே காலை பத்து.
ஃபேர்லேண்ட்ஸில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்
ஒரு தீவின் அலுவலகத்தைத் திறந்து உட்காருகிறேன்.
நீலம், மஞ்சள், பச்சை,
மஞ்சளின் நடுவே மூன்று பச்சைக் கட்டங்கள்.
அந்தக் கொடி காற்றில் ஆடி நான் பார்த்ததில்லை.
திரையில் அது எப்போதும்
இஸ்திரி போட்டது போலிருக்கும்.

இன்றைய படகு பதினெட்டு மீட்டர்.
கட்டியது இத்தாலியில், நிற்பது துருக்கியில்.
வாங்கியவர் ஆத்தூர்ப் பக்கம்
ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் மாரப்பன்.
பெயருக்கு மூன்று விருப்பம் எழுத வேண்டும்.
நீலவேணி, ப்ளூ வேணி, வேணி டூ.
முதல் இரண்டும் ஏற்கெனவே
யாருடைய கடலிலோ ஓடிக்கொண்டிருந்தன.

விற்பனைப் பத்திரம், டன் அளவுச் சான்று,
பழைய கொடியிலிருந்து பெயர் நீக்கிய கடிதம்.
பக்கத்து மேசை ஆரோக்கியசெல்வி
வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டாள்:
"ஆத்தூர்க்காரருக்கு எதுக்குக்கா அந்தத் தீவு?"
"பாண்டிச்சேரி நம்பர் கார் பார்த்ததில்லையா?" என்றேன்.
அதற்குமேல் பயிற்சி தேவைப்படவில்லை.

பதினொன்றேகாலுக்குப் படம் வந்தது,
படகின் முதுகு.
பெயரும் தாய்த் துறைமுகமும் அதில் இருக்க வேண்டும்.
அந்தத் துறைமுகத்துக்குப் படகு
போயிருக்க வேண்டும் என்று விதி இல்லை.
வேணி டூ, சரி.
கீழே தங்க நிறத்தில்: கிங்ஸ்டன்.

கிங்ஸ்டவுன் அல்லவா எங்கள் ஊர்.
ஆங்கிலத்தில் டபிள்யூ, தமிழில் 'வு',
எந்த மொழியில் பார்த்தாலும் ஒன்று விழுந்திருக்கிறது.
கிங்ஸ்டன் ஜமைக்காவில் இருக்கிறது.
கயிறுகூட அவிழ்க்காமல்
படகு நாடு மாறிவிட்டது.

மாரப்பன் சிரித்தார்.
"ஒரு எழுத்துதானம்மா. அந்த ஊர்ல நமக்கென்ன
சொந்தமா, பந்தமா?"
"திருத்தி எழுதி மறுபடி படம் அனுப்புங்க சார்."
குரல் கொஞ்சம் கடுத்துவிட்டது.
செல்வி திரும்பிப் பார்த்தாள்.

என் சாதிச் சான்றிதழில் சௌராஷ்டிரா இல்லை.
செளராஷ்டிரா இருக்கிறது.
ஒற்றைக் கொம்பு போட்டு, ச போட்டு,
பக்கத்தில் ஒரு முழு 'ள'.
கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
கம்ப்யூட்டருக்குத் தெரியும். விண்ணப்பம் திரும்பி வந்தது.
தாலுகா ஆபீஸுக்கு மூன்று தடவை போனேன்.
மூன்றாம் தடவை அந்த அலுவலர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

பொன்னம்மாபேட்டையில் எங்கள் வீடுகளுக்குள்
பேசும் பேச்சுக்கு அந்தக் கரையின் பெயர்.
தெருவில் அதைப் போய்ப் பார்த்தவர் ஒருவர்தான்,
டையிங் பட்டறை துளசிராம், சுற்றுலா ரயிலில்.
ஒரு டீக்கடையில் நின்று
நம் பேச்சில் மளமளவென்று பேசினாராம்.
கடைக்காரனுக்கு 'பாணி' மட்டும் புரிந்தது.
ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான்.
குடித்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு மணிக்கு இன்னொரு படம்.
யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பி
டார்ச் வெளிச்சத்தில் எழுத வைத்திருக்கிறார்கள்.
இரண்டு எழுத்துக்கு நடுவே இடம் போதாமல்
புதிய எழுத்து சற்று மேலேறி, ஒல்லியாக,
பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் போல
ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது.

எல்லா எழுத்தும் ஒரே உயரம் இருக்க வேண்டும்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இல்லை.

தீவில் மூடுவதற்கு இன்னும் இருபது நிமிஷம்.
ஜன்னலில் ஏற்காடு மலை இருட்டாக இருந்தது,
ஏதோ ஒரு வண்டியின் விளக்கு
வளைவில் தெரிவதும் மறைவதுமாய்
இறங்கிக்கொண்டிருந்தது.

'ஏற்கப்பட்டது' என்று அழுத்தினேன்.
செல்வி ஃபேனை நிறுத்தினாள்.