பனி, பன்மையில்

ஆகஸ்ட் பதினான்கு, காலை பத்தரை.
எசிஹா ஊரின் பிறப்புப் பதிவு அலுவலகத்தில்
மின்விசிறி சூட்டைக் கிண்டிக்கொண்டிருக்கிறது
அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதைப் போல.
ஆண்டலூசியாவின் வாணலி என்று
இந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு.

கண்ணாடிக்கு இந்தப்புறம் ரொசீயோ,
இருபத்தாறு வருடமாகப் பெயர் எழுதுகிறவள்.
விடிந்ததிலிருந்து இரண்டு லூசீயா, ஒரு மார்ட்டினா, ஒரு ஹூகோ.
பெயர்களும் செருப்பைப் போலத்தான்,
ஒரு பருவத்துக்கு எல்லார் காலிலும் ஒன்றே.

அந்தப்புறம் ஹினேஸ்.
மீன்சந்தைக்கு ஐஸ் அரைக்கும் ஆலையில் இரவு வேலை.
விரல்நுனிகள் வெந்தவை போல் வெளுத்திருக்கின்றன.
குளிரும் சுடும்.

"பெண். மூன்று கிலோ நூறு. பெயர் நியேவே."

தட்டச்சு நின்றது.
"உங்கள் அம்மா பெயரா?"
"அம்மா ரெமேதியோஸ்."
"மாமியார்?"
"அங்குஸ்தியாஸ். வைத்தால் அவரே அடிக்க வருவார்."
வேதனைகள் என்று பொருள் அதற்கு.
வைத்தவர்கள் பக்தியில் வைத்தார்கள்,
சுமந்தது அவர்.

நியேவெஸ் என்றால் உறைபனி.
தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை.
மற்றவர்களுக்காக:
ரோமாபுரியில் பிள்ளையில்லாத ஒரு கணவனும் மனைவியும்
சொத்தை மாதாவுக்கு எழுதிவைத்து,
கோயிலை எங்கே கட்ட என்று கேட்டார்களாம்.
ஆகஸ்ட் ஐந்து, உச்சிக் கோடை,
ஒரு குன்றின் தலையில் மட்டும் பனி விழுந்து
அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டதாம்.
அன்றிலிருந்து பனிமய மாதா.
பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் முழுநீளத்தில் வந்தது,
மரீயா தெ லாஸ் நியேவெஸ்.
வீட்டுக்குள் நுழையும்போது
மரீயாவை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள்.

ரொசீயோ இதைக் கடைசியாகப் பதிந்து
பதினோரு வருடம் ஆகிறது.
பிறப்பேட்டில்.
பக்கத்து அலமாரி இறப்பேட்டில்
மாதம் ஒரு நியேவெஸ் தவறாமல் வருகிறாள்.

அவள் பெயரும் ஒரு காலத்தில் செருப்பாக இருந்ததுதான்.
பள்ளியில் ஒரே வகுப்பில் ஐந்து ரொசீயோ.
ஆசிரியை எண் போட்டுக் கூப்பிட்டார்.
இவள் நான்கு.

"ஏன் இந்தப் பெயர்?"
படிவத்தில் இல்லாத கேள்வி.

"பிரசவ அறையில் ஏசி செத்துப்போச்சு.
பதினேழு மணி நேரம்.
ஆலையிலிருந்து ஃபிளாஸ்க்கில் ஐஸ் கொண்டுபோனேன்.
பெலென் வாயில் ஒவ்வொரு துண்டாக வைத்தேன்.
இன்னொன்று என்பாள்.
என்னைத் திட்டுவாள், பிறகு இன்னொன்று என்பாள்.
அடியில் கிடந்த துண்டு கரைவதற்குள் இவள் வந்துவிட்டாள்."
கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.
"மாதாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.
மரீயா எல்லாம் வேண்டாம்."

ரொசீயோ என்றால் என்ன என்று நான் இன்னும் சொல்லவில்லை.
புல்நுனியில் விடிகாலையில் நிற்குமே, அது.
அவர்கள் மொழியில் அந்தத் துளிக்கும்
மலையுச்சியில் உறைவதற்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டும் பனி.
ஐம்பது வயதுக்காரியும் மூன்று நாள் சிசுவும்
அவர்களைக் கேட்காமலே
என் காகிதத்தில் ஒரே பெயர்க்காரிகள்.
பழைய பாட்டுகளில் பனி என்றால் நடுக்கம், கண்ணீர்.
அந்தக் கணக்கில் மாமியாரையும்
சேர்த்துக்கொள்ளலாம்.

"நியேவே, கடைசியில் ஸ் உண்டா, இல்லையா?"
இந்த ஊரில் கடைசி ஸ்ஸை யாரும் வாயால் செலவழிப்பதில்லை.
ஒரு பனியா பல பனியா என்பது
காதுக்குத் தெரியாது,
கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஹினேஸ் யோசித்தான்.
பின்னால் வரிசை செருமியது.
"ஒரு ஃபிளாஸ்க் நிறைய இருந்தது," என்றான்.

அவள் ஸ்ஸை அடித்தாள்.
இனி அந்தப் பெண்ணை
தெருவும் பள்ளியும் காதலிப்பவனும்
ஒருமையிலேயே கூப்பிடுவார்கள்.
பன்மை இந்தத் தாளில் மட்டும்,
கையெழுத்துக்கு மேலே,
அவன் உள்ளங்கை வைத்த இடத்தில் ஈரமாக.

"அடுத்தது."
"லூசீயா," என்றது ஒரு குரல்.