இருபத்தோராம் கண்ணி

ஏப்ரலில் இர்பித் நகரத்து ஒலிவ மரங்கள் பூத்ததும்
ருதைனாவுக்குத் தும்மல் தொடங்கிவிடும்.
ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பழக்கம்:
மூன்று தும்மல், ஒரு வசவு.
வசவு மாஸ்ட் செல்களுக்கு.
"மகரந்தத்துக்குப் போய் ஊரைக் கூட்டுகிற முட்டாள்கள்."

அதே முட்டாள்களைத்தான்
காலையிலிருந்து கண்ணாடித் தகட்டில் எண்ணுகிறாள்.

உறைபெட்டியில், மைனஸ் எண்பதில்,
கோர் ஸாஃபியின் கறுப்புப் பாம்பு
ஒரு துளியாய்க் கிடக்கிறது.
வாய் திறக்காமல் கொல்லும் பாம்பு.
உதட்டோரம் ஒற்றைப் பல்லைப் பக்கவாட்டில் நீட்டி
உரசிக்கொண்டு போய்விடும்,
கூட்டத்தில் முழங்கையால் இடிக்கிறவன் மாதிரி.
தக்காளிப் பாத்தியில் முஃப்லிஹின் கட்டைவிரலை
அப்படித்தான் உரசியது.

நஞ்சு ஒரு சங்கிலி. இருபத்தோரு கண்ணி.
ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லி
நம் உடலே எழுதும் ஆணைக்கும்
இருபத்தோரு கண்ணிதான்;
ஏறக்குறைய அதே கையெழுத்து.
களவா, பங்காளி உறவா?
வம்சமரத்தை மூன்று முறை வரைந்துவிட்டாள்.
கிளை ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் ஒட்டுகிறது.

எலிகள் மட்டும் தெளிவாகப் பேசின.
செல் உள்ளவை விடிந்ததும் தீனி கேட்டன.
செல் இருந்தும்
அதிலுள்ள ஒரே ஒரு நொதியின் முனை மழுங்கியவற்றுக்கு
விடியவில்லை.

அந்த நொதி செய்வது அற்ப வேலை.
சங்கிலியை நொறுக்குவதில்லை.
கடைசிக் கண்ணியை மட்டும் கிள்ளிப் போடுகிறது.
"நஞ்சு" என்ற சொல்லில் கடைசி எழுத்தை நீக்கிச்
சொல்லிப் பாருங்கள்:
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.
அவ்வளவுதான்.
பூட்டுக்குள் போன சாவி, திரும்பாது.

வியாழக்கிழமை முஃப்லிஹ் வந்தான்
இரண்டு பேருந்து மாறி, ஒரு பெட்டித் தக்காளியோடு.
விரல்நுனி கருத்துச் சுருங்கியிருந்தது.
போன வருஷம் அவன் தம்பிக்கும் இதே உரசல்;
அரைமணிகூடத் தாங்கவில்லை.
"ஒரே வயிற்றில் பிறந்தோம், டாக்டர்.
எனக்கு மட்டும் எப்படி?"

துளியின் அளவு, இதயத்தின் பலம், வண்டி வந்த நேரம்,
சொல்ல எவ்வளவோ இருந்தது.
எலிகளை ஒரே அச்சில் வார்த்து வளர்க்கலாம்.
தம்பிகளை யார் அப்படி வளர்க்கிறார்கள்?

வாய் திறந்தாள். தும்மல் வந்தது.
இன்னொன்று. இன்னொன்று.
"அல்லாஹ் உனக்கு இரங்கட்டும்" என்று சொல்லிவிட்டு
அவன் காத்திருந்தான்.

வசவு வரவில்லை.