ஈதர், ஐதர்

டேமர் ஆற்றுக்கு மேற்கே கார்ன்வால், கிழக்கே டெவன்.
நடுவே நாற்பத்தொரு வருடம்
போக வர இருந்தவர் டென்சில் டிரெத்தூயி.
படகுக்காரர் எந்தக் கரைக்காரர் என்று
வரி வசூலிப்பவர் தவிர
ஒருவரும் கேட்டதில்லை.

உயிலில் ஒரு சொல்தான் தகராறு.
சாம்பலைத் தூவ வேண்டியது: ஈதர் கரை.

வக்கீல் மிஸ் பென்ஹாலிகன்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ஐதர் என்று வாசித்தார்.
அதற்கே முகம் சுளித்தாள் மூத்தவள் லவ்டே.
அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.
ஈதர் என்பார், பல்லிடுக்கில் பைப்போடு.

இரண்டில் ஒன்று என்று அர்த்தம் என்றாள் அவள்,
மேற்குக் கரையில் குடியிருப்பவள்.
எது என்பது நம் இஷ்டம்.
ஓக் மரம் என் பக்கம்தான் இருக்கிறது.

இரண்டுமே என்று அர்த்தம் என்றாள் தர்ஸா,
கிழக்கிலிருந்து வந்தவள்.
பாதையின் ஈதர் பக்கம் வேலி போட்டார்கள் என்றால்
ஒரு பக்கம் மாடு நுழையவா விட்டார்கள்?

அகராதி வந்தது.
இரண்டில் எதுவானாலும் என்றது ஒரு வரி.
இரண்டும் என்றது அடுத்த வரி.
தேர்ந்தெடுக்கவென்றே பிறந்த சொல்
கொஞ்சமும் கூச்சமில்லாமல்
நடு ஆற்றில் நின்றது.

தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.
லவ்டே ஸ்கோன் மேல் முதலில் ஜாம் தடவினாள்.
தர்ஸா முதலில் கிரீம்.
ஒருத்தி தட்டை ஒருத்தி பார்க்கவில்லை.

அந்த உயிலைத் தட்டச்சு செய்தவன் நான்.
எந்தக் கரை, ஐயா?
அன்றே கேட்டேன்.
அவர் ஜன்னல் வழியே ஏற்றம் வடியும் நேரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
ஈதர் என்றார்.
சரி, எந்தக் கரை என்றேன் மறுபடி.
சிரித்தார்.
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை நான் சகோதரிகளிடம் சொல்லவில்லை.
சொன்னால் யார் பக்கம் சாட்சி
என்று எனக்கே தெரியவில்லை.

அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம்
என்று இருவரும், தனித்தனியே,
ஒரே வாரத்தில் கடிதம் போட்டார்கள்.
ஜாடி ஏழு மாதம்
என் கோப்பு அலமாரியில் இருந்தது,
டி எழுத்துக்கு நேராக.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று
சேர்ந்தே வந்தார்கள்.
துறைவரை ஜாடியைச் சுமந்துபோனேன்.
புதுப் படகுக்காரன் சின்னப் பையன்.
அவனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.
சீட்டுக் கட்டைப் பிரித்தபடி கேட்டான்:
போக மட்டுமா, போய் வரவா?

லவ்டே தர்ஸாவைப் பார்த்தாள்.
தர்ஸா
சில்லறையைத் தேடத் தொடங்கினாள்.