சாரமில்ல சாரே

வாரத்தில் ஆறு நாள் என் விசிலுக்கு
இரண்டே வார்த்தை.
ஒருமுறை ஊதினால் நில்.
இருமுறை ஊதினால் போ.
களியக்காவிளையில் ஏறி நீரோடியில் இறங்கும்
மீன்கூடைக்கும் பள்ளிப் பைக்கும்
இவ்வளவு மொழி போதும்.

ஞாயிறு மாலை வல்லவிளை மணலில்
அதே வாய், வேறு விசில்.
உள்ளே மணி உருளாதது, எச்சிலில் திக்காதது.
பந்து கோட்டைத் தாண்டினால்
குருவி கொத்துகிற மாதிரி ஒன்று.
காலை வாரினால் நீளமாக,
வாரியவன் திரும்பிப் பார்க்கும் வரைக்கும்.
விழுந்தவன் அசையாவிட்டால்
நெஞ்சில் இருக்கிற மூச்சு முழுவதும்.
முகாமில் பதினேழு சட்டத்தையும் ஒப்பித்தேன்.
மூச்சின் அளவு எதிலும் இல்லை.

கூட்டத்துக்கு நான் ரெஃப்ரி அல்ல.
"கண்டக்டரே, பாக்கி சில்லறை தாரும்!"
கார்னர் கொடியருகே ஒருவன் கத்துவான்,
மைதானமே சிரிக்கும்.
நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டால்
அடுத்த பத்து நிமிடம்
நீட்டிய கைக்கு மரியாதை உண்டு.

பெல்லார்மின், வல்லவிளையின் ஸ்டாப்பர்.
நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் முறைப்பான்.
பக்கத்தில் ஓடிக்கொண்டே, தாழ்ந்த குரலில்,
"பெல்லார்மின், முழங்கை" என்றால்
முழங்கை உள்ளே போகும்.
அட்டை பையிலேயே தூங்கும்.

பொழியூர்க்காரன் கிளீட்டசுக்கு
அந்த ஒரு வார்த்தைகூட வேண்டாம்.
என் தோள் எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து
தீர்ப்புக்கு முன்பே ஓடத் தொடங்குவான்.

அறுபத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
கடல் பக்கம் சூரியன்
என் கண் உயரத்தில் நின்றது.
பெட்டிக்குள் கிளீட்டஸ் விழுந்தான்.
விழுந்த விதம் அழகாக இருந்தது;
அதனாலேயே நம்பவில்லை.
நடிப்பு என்று மஞ்சளை உயர்த்தினேன்.
வேகமான மலையாளத்தில் ஏதோ சொல்ல வந்தான்.
உதட்டில் விரல் வைத்தேன்,
ஒண்ணாம் வகுப்பு வாத்தியார் மாதிரி.

அவன் நிறுத்திக்கொண்டான்.
குனிந்து காலுறையை இறக்கினான்.
முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல்,
மூன்று ஆணித்தடம். மணல் ஒட்டிய ரத்தம்.
அதற்குள் கோலி பந்தை உதைத்துவிட்டான்.
ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால்
சட்டம் பின்னால் நடக்காது.

அடுத்த த்ரோவில் அவன் பக்கமாக ஓடினேன்.
பந்தைப் பார்த்தபடியே சொன்னேன்:
"வெயில். பார்க்கல. தெற்று என்டே."
திருநெல்வேலி நாக்கில்
மூன்று மாத மலையாளம்.
"சாரமில்ல சாரே" என்றான்.

பரவாயில்லை என்று அர்த்தம். தெரியும்.
ஆனால் பொழியூர்க்காரனுக்குத் தமிழும் தெரியும்.
எங்கள் ஊரில் கரும்புச் சக்கையை அப்படிச் சொல்வோம்,
மேடையில் சும்மா பேசுகிறவனையும்.
எந்தப் பக்கம் நின்று சொன்னான்?
முகத்தில் வியர்வை மட்டும் இருந்தது.

பொழியூர் ஒரு கோலில் தோற்றது.
வந்து கை குலுக்கினான்.
அவன் கையிலிருந்த மணல்
என் உள்ளங்கைக்கு வந்தது.

திங்கள் முதல் நடை.
வல்லவிளை தாண்டியதும், ஸ்டாப் இல்லாத இடத்தில்,
சாலையோரம் ஒருவன் நொண்டிப் போகிறான்.
ஒன்று ஊதினேன்.
"இங்க எதுக்கு வோய்?" என்றார் தாணுலிங்கம்,
பிரேக்கை மிதித்தபடி.

கிளீட்டஸ் ஏறினான். "நீரோடி ஒண்ணு."
எண்ணி வைத்த சில்லறை, பாக்கி இல்லை.
அவன் காலைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

விசில் உதட்டில்தான் இருந்தது.
தாணுலிங்கம் கண்ணாடியில் முறைத்தார்.
மீன்கூடைக்காரி "போவாண்டாமா?" என்றாள்.
அவன் கம்பியைப் பிடித்து, மெதுவாக,
அந்தக் காலை நீட்டி
உட்காரும் வரைக்கும்
ஊதவில்லை.